அடுப்படிக்குள் நுழையும் சாதி: வீட்டுச் சமையலும் சட்டமும்

தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சி மன்றமும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் இணைந்து 2011-12இல் நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, நாடு முழுவதும் 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் தீண்டாமை குறித்துக் கேட்டது. உங்கள் வீட்டில் யாரேனும் தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்று சொன்னவர்களிடம் இன்னொரு கேள்வி வைக்கப்பட்டது: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ அதில் சிக்கல் உண்டா? இரண்டு பதில்களையும் சேர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழ 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஏதேனும் ஒரு வடிவில் தீண்டாமை கடைப்பிடிப்பது தெரியவந்தது. வாசலில் நின்று "எங்களுக்குச் சாதி இல்லை" என்று சொல்பவர் அடுப்படி வரை அதே பதிலைக் கொண்டுசெல்ல மாட்டார் என்பது அந்தக் கேள்வித்தாளை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உணவுரிமை என்றவுடன் நம் இயக்கங்களில் பெரும்பாலும் பேசப்படுவது பொதுவெளி: மாட்டுக்கறித் திருவிழா, தேநீர்க்கடையின் இரட்டைக் குவளை, கல்லூரி விடுதி உணவகம். அவை தேவையான போராட்டங்கள். ஆனால் சாதியின் அதிகாரம் இவற்றுக்கெல்லாம் முன்பே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. எந்தப் பாத்திரத்தில் சமைக்கலாம், எந்தக் கொழுப்பில் தாளிக்கலாம், எந்தக் கறியின் மணம் சுவரைத் தாண்டிப் போகலாம் என்பதையெல்லாம் அது நெடுங்காலமாக விதித்து வந்திருக்கிறது. அன்றாட வீட்டுச் சமையலின் மீதான அந்த விதிகள் எவை, அவற்றை நாட்டின் சட்டம் எங்கே தடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மாணவர்களும் களச் செயற்பாட்டாளர்களும் ஒரே இடத்தில் காணும் வகையில் இங்கே தொகுத்திருக்கிறோம்.

மண்பானையும் நெய்யும்

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இந்தியாவில் சாதி பற்றிய தமது நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகைகள் அணியக் கூடாது; ஆண்கள் சட்டை போடக் கூடாது; பெண்கள் மேலாடை அணியக் கூடாது; குடையும் செருப்பும் கூடாது. இவை பலரும் கேள்விப்பட்டவை. அதே பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒரு விதியும் உண்டு. ஆதிதிராவிடர்கள் தங்கள் வீடுகளில் மண்பாண்டங்களைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்பது அது.

இந்த விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நகையும் சட்டையும் குடையும் தெருவில் பிறர் கண்ணுக்குத் தெரிபவை. வீட்டுக்குள் சோறு வடிக்கும் பானை அப்படியல்ல. அதற்கும் விதி போட்டவர்கள், ஒரு சேரி வீட்டின் அடுப்பில் பித்தளைப் பாத்திரம் ஏறுவதையே தங்கள் அதிகாரத்தின் இழப்பாகக் கண்டார்கள். மண்பானையில் சமைத்தால் சுவை கூடும் என்று இன்று நகரத்து உணவகங்கள் விளம்பரம் செய்கின்றன. சட்டமாக விதிக்கப்பட்ட மண்பானையின் வரலாறு அந்த விளம்பரங்களில் இடம்பெறாது.

புரட்சியாளர் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் இதே வகையைச் சேர்ந்த இரண்டு நிகழ்வுகளைச் சுட்டுகிறார். குஜராத்தின் ஜனு கிராமத்தில் தீண்டப்படாத சமூகத்துப் பெண்கள் உலோகக் குடங்களில் தண்ணீர் எடுத்ததற்காகத் தாக்கப்பட்டனர். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில், யாத்திரை சென்று திரும்பிய ஒருவர் தம் சமூகத்தாருக்கு விருந்து வைத்தார். அதில் நெய் பரிமாறப்பட்டது. நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடிகளுடன் வந்து உணவைப் பாழாக்கி, உண்டுகொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினர். அந்த நெய்யைச் சொந்தப் பணத்தில் வாங்கியதும், தம் வீட்டு விருந்தில் தம் உறவினருக்கே பரிமாறியதும் அவர்களைக் காப்பாற்றவில்லை. தீண்டாமையைத் தொட்டுக்கொள்வது, தொடாமல் இருப்பது என்ற அளவில் மட்டும் விளக்கும் பாடநூல்களால் சக்வாராவை விளக்க முடியாது. அங்கே யாரும் யாரையும் தொடவில்லை. நல்ல உணவை உண்பதே குற்றமாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான திசையிலும் சாதி விதி செயல்பட்டது. நெய்யை மறுத்த அதே ஊர், செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையைக் கட்டாயமாக்கி, அதன் இறைச்சியையே கூலியாகத் தந்தது. 1927 மார்ச்சில் மகாத்தில் கூடிய மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதைக் கைவிடுமாறு அம்பேத்கர் மக்களைக் கேட்டுக்கொண்டார். அவரே 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில், தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சி உண்பதோடும் பௌத்தத்தின் மீதான வெறுப்போடும் இணைத்து விளக்கினார். இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, "அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னார்" என்று கல்லூரி விவாதங்களில் வாதிடுவோர் இருக்கிறார்கள். மகாத்தில் அவர் எதிர்த்தது அடிமை வேலைக்குக் கூலியாக வந்த இறைச்சியை. கடையில் விலை கொடுத்து வாங்கிய கறியைத் தம் வீட்டு அடுப்பில் ஏற்றுபவரின் தட்டு அந்தத் தடைக்குள் வராது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் கைவசம் வைத்திருப்பது நல்லது.

குழம்பில் இருக்கும் அறிவு

தலித் வீட்டுச் சமையலை வறுமையின் சமையல் என்று மட்டும் எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. வறுமை உண்மை. ஆனால் குறைந்த பொருளைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்புவதற்குப் பின்னால் கணக்கும் கைப்பக்குவமும் இருக்கின்றன. அதை எழுதுவோர் குறைவு.

உப்புக்கண்டத்தை எடுத்துக்கொள்வோம். கறி மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கும் நாளில் அதை நீளவாக்கில் பட்டையாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவிடுவார்கள். சில வீடுகளில் மிளகாயும் பூண்டும் அரைத்துச் சேர்ப்பதுண்டு. ஈரம் முற்றிலும் போனபின் பானையில் போட்டு மூடி வைத்தால், வேலையும் கூலியும் இல்லாத நாட்களுக்கு அதுவே கையிருப்பு. தணலில் சுட்டுக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம். கத்தரிக்காயோ மொச்சையோ சேர்த்துக் குழம்பு வைக்கலாம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் புரதத்தைச் சேமித்து வைக்கும் முறை இது. குடல், ஈரல், சுவரொட்டி, தலை, கால், இரத்தம் என்று பிறர் ஒதுக்கிய உறுப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான சுத்தம் செய்யும் முறையும் வேகும் நேரமும் உண்டு. குடலைப் புரட்டி எடுத்துச் சுண்ணாம்போ மஞ்சளோ இட்டுத் தேய்த்துக் கழுவுவதற்கே ஒரு பெண்ணின் காலைப்பொழுது போய்விடும்.

சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் எங்கள் கண்ணில் படும் இன்னொன்றும் உண்டு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்திற்கும் பயன்படாதது, அல்லது நிரந்தரமாக முடமானது எனச் சான்று பெற்ற மாட்டையே அறுக்க அனுமதிக்கிறது. 1976இல் வெளியான அரசாணை பசுவையும் கிடேரியையும் அறுப்பதற்குத் தடை விதித்தது. ஆக, சட்டப்படி சந்தைக்கு வருவது உழைத்து முதிர்ந்த மாட்டின் கறி. அது எளிதில் வேகாது. பப்பாளிக்காய்த் துண்டைப் போட்டு வேகவைப்பதும், இஞ்சியும் பூண்டும் தாராளமாக அரைத்து ஊறவைப்பதும், விறகடுப்பில் மணிக்கணக்கில் கொதிக்கவிடுவதும் இந்தக் கடினத்தை வெல்லக் கண்ட வழிகள். ஒரு வீட்டில் எவ்வளவு விறகு எரிய வேண்டும், குக்கரில் எத்தனை விசில் வர வேண்டும் என்பதில் சட்டமன்றத்திற்கும் பங்கு இருக்கிறது.

அன்றாடம் என்று பார்த்தால் கறி வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் இந்த அடுப்புகளை எரியச் செய்வது நியாயவிலைக் கடை. தமிழ்நாட்டில் பொது விநியோகத் திட்டம் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களுக்குமானது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின் வழியே துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் கிடைக்கின்றன. பழைய சோற்றுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் அப்பால் சேரி வீடுகளில் நாள்தோறும் உலை கொதிப்பதும், பருப்புக் குழம்பு வாரநாள் உணவானதும் இந்தத் திட்டங்களோடு சேர்ந்த மாற்றங்கள். இலவச அரிசியை ஏளனம் செய்வோர், ஒரு காலத்தில் பண்ணையாரின் களத்துமேட்டிலிருந்து வந்த அரைப்படி நெல்லே சோறு என்று இருந்த நிலையை மறந்துவிடுகிறார்கள். அரிசி அரசிடமிருந்து வரும்போது, பண்ணையார் முன்னால் கைகட்டி நிற்க வேண்டிய காரணங்களில் ஒன்று குறைகிறது.

அடுப்படியின் உள்ளே நடப்பதையும் பேசியாக வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டுக்கும் மேல். ஈரலும் சுவரொட்டியும் இரத்தப் பொரியலும் உடல் எளிதில் ஏற்கும் இரும்புச்சத்து நிறைந்தவை. அவற்றைச் சுத்தம் செய்து, அரிந்து, சமைப்பவள் பெண். பெரும்பாலான வீடுகளில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சிய குழம்பை வழித்துச் சோற்றில் போட்டுக்கொள்பவளும் அவள்தான். ஊர் நம் வீட்டு நெய்யைக் கொட்டியதைக் கண்டிக்கும் நாம், நம் வீட்டிலேயே ஈரல் துண்டு யார் தட்டுக்குப் போகிறது என்று கேட்கத் தயங்குகிறோம். இதைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்கிவைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை.

வீட்டுக்குள் சட்டம் எதுவரை வரும்

2015 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே பிசாரா கிராமத்தில், வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருப்பதாகப் பரவிய வதந்தியால் ஒரு முஸ்லிம் அடித்துக் கொல்லப்பட்டார். பிறகு அந்த இறைச்சி எந்த விலங்கினுடையது என்று ஆய்வகத்தில் சோதனை நடந்தது. கொலை விசாரணை ஒன்றில் கொல்லப்பட்டவரின் சாப்பாடு பரிசோதிக்கப்பட்டதை நாடு இயல்பாக எடுத்துக்கொண்டது.

அதே ஆண்டில் மகாராஷ்டிரம் தன் விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, காளை, எருது ஆகியவற்றை அறுப்பதையும் தடை செய்தது. மாநிலத்துக்கு வெளியே சட்டப்படி அறுக்கப்பட்ட மாட்டின் இறைச்சியை வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. 2016 மே 6 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த 5டி பிரிவைச் செல்லாது என்றது. தம் விருப்ப உணவை வீட்டுக்குள் உண்பது அரசமைப்பின் 21ஆவது உறுப்பு தரும் அந்தரங்க உரிமையில் அடங்கும் என்பது அதன் அடிப்படை. ஆனால் மாநிலத்துக்குள் அறுப்பதற்கான தடையை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தபோது, என்ன உண்பது என்பதை அரசு சொல்வதை யாரும் விரும்ப மாட்டார்கள் என்ற கருத்தை நீதிபதி செலமேஸ்வர் தமது தீர்ப்புரையில் பதிவு செய்தார்.

இந்தத் தீர்ப்புகளைக் கொண்டாடுவதற்கு முன் அவற்றின் எல்லையைப் பார்க்க வேண்டும். 2005இல் மிர்சாபூர் மோத்தி குரேஷி வழக்கில் ஏழு நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, பசுவினத்தை அறுப்பதற்குக் குஜராத் விதித்த முழுத்தடையை உறுதி செய்தது. 2008இல் அகமதாபாத் தொடர்பான வழக்கில், ஒருவர் என்ன உண்கிறார் என்பது அவரது சொந்த விஷயம் என்று சொன்ன அதே நீதிமன்றம், சமணர்களின் பர்யூஷண விழாவுக்காக ஒன்பது நாள் அறுவைக்கூடங்களை மூடும் உத்தரவைச் செல்லும் என்றது. சமைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு சமைக்கும் பொருளைத் தடுப்பது நம் நீதிமன்றங்களில் புதிதல்ல. 2017 மே 23 அன்று ஒன்றிய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகளும் இந்த வழியையே பிடித்தன. யாரும் உண்ணக் கூடாது என்று அவை சொல்லவில்லை. அறுப்பதற்காகச் சந்தையில் மாடு விற்பதைத் தடுத்தன. ஒரே வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றில் சில விதிகளுக்கு இடைக்காலத் தடை வழங்கியது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். இங்குள்ள சட்டம் அறுப்பதை ஒழுங்குபடுத்துகிறது. மாட்டுக்கறியை வாங்குவதும், வீட்டில் வைத்திருப்பதும், சமைப்பதும், உண்பதும் குற்றமாக்கப்படவில்லை. வீட்டுக்காரரோ அண்டை வீட்டாரோ "போலீசில் சொல்லிவிடுவோம்" என்று மிரட்டினால், அஞ்சுவதற்குச் சட்டத்தில் காரணம் எதுவும் இல்லை.

'சைவம் மட்டும்'

அந்தரங்க உரிமை வீட்டுக்குள் இருக்கிறது என்றால், முதலில் வீடு கிடைக்க வேண்டும். படிப்புக்காகவும் வேலைக்காகவும் சென்னைக்கும் கோவைக்கும் வரும் நம் தோழர்கள் முதலில் மோதும் சுவர் 'சைவம் மட்டும்' என்ற பலகை. 2014இல் மாதிரிப் பதிவு முறைக்காக எடுக்கப்பட்ட அடிப்படைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள். இப்படிப்பட்ட மாநிலத்தில் அந்தப் பலகை யாரைத் தேடுகிறது, யாரைத் தள்ளுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. 'ஆடு, கோழி பரவாயில்லை. மற்றது கூடாது' என்பது இன்னும் நேர்த்தியான வடிகட்டி. சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியைக் கேட்டுவிடலாம்.

வீடு கிடைத்த பிறகும் சமையல் மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கறி எடுப்பதற்கு வெகு தொலைவில் உள்ள கடைக்குப் போவது, கறுப்புப் பையில் சுற்றி எடுத்துவருவது, சன்னலை அடைத்துவிட்டுச் சமைப்பது, ஊதுவத்தி கொளுத்துவது, எலும்பைக் காகிதத்தில் மடித்து வேறு தெருக் குப்பைத்தொட்டியில் போடுவது, பிள்ளைகளிடம் "பள்ளிக்கூடத்தில் கோழி என்று சொல்" என்று பழக்குவது என இதற்கென்றே ஒரு ஒழுங்கு உருவாகிவிட்டது. உப்புக்கண்டம் காயும் கயிற்றுக்கு அந்த மாடியில் இடமில்லை. அந்தரங்க உரிமை மொட்டைமாடிக் கொடி வரைக்கும் நீளவில்லை. அதனால் அந்தப் பக்குவம் ஒரு தலைமுறைக்குள் மறைகிறது. ஊரிலிருந்து வரும் அம்மா பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தால்தான் உண்டு.

சட்டத்தில் இதற்கு வழி உண்டா? நேரடியான வழி குறைவு. 15(2)ஆவது உறுப்பு கடைகளையும் பொது உணவகங்களையும் பேசுகிறது; தனியார் வாடகை வீட்டைப் பேசவில்லை. 2005இல் ஜொராஸ்டிரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற சங்க விதியை ஏற்றது. வசிப்பிடத்தைச் சாதியாலும் உணவாலும் வேலியிட விரும்புவோருக்கு அந்தத் தீர்ப்பு பெரிய வசதி. அது மறுபரிசீலனைக்கு உள்ளாக வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

எனினும் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் மறக்கப்பட்ட ஒரு கருவியை வைத்திருக்கிறது. அதன் 4ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதிலோ பெறுவதிலோ அதில் குடியிருப்பதிலோ தீண்டாமையின் அடிப்படையில் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, அச்செயல் தீண்டாமையின் அடிப்படையில் செய்யப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. 'சைவம் மட்டும்' என்று சொல்லி வீடு மறுத்தவர், அடுத்த வாரமே அசைவம் உண்ணும் வேறு சாதியாருக்கு அதே வீட்டைக் கொடுத்திருந்தால், இந்த இரண்டு பிரிவுகளும் சேர்ந்து வலுவான வழக்காகும். அதற்குச் சான்று வேண்டும். விளம்பரத்தின் படம், தரகருடன் நடந்த குறுஞ்செய்திப் பரிமாற்றம், சாதியைக் கேட்ட நாள், வீடு பின்னர் யாருக்குப் போனது என்ற விவரம் ஆகியவற்றை அன்றன்றே எடுத்து வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்லும் வாக்குமூலம் குறுக்கு விசாரணையில் நிற்பது கடினம்.

ஊர் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குக் கடைச் சாமானையோ பாலையோ தண்ணீரையோ மறுத்தால் அது வேறு வகை. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் வரையறுத்து, அவற்றை விதிப்பதையும் விதிப்பதாக மிரட்டுவதையும் 3(1)(இசட்.சி) பிரிவில் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. உண்ணத் தகாத பொருளை வாயில் திணிப்பது அதே சட்டத்தின் 3(1)(ஏ) பிரிவில் வருகிறது. முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்பதை 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு உறுதி செய்கிறது. "விசாரித்துவிட்டுப் பதிவு செய்கிறோம்" என்று காவல் நிலையம் சொன்னால் இந்தப் பிரிவை எழுத்தில் காட்டுங்கள்.

அவள் கை சமைத்தது

வீட்டுச் சமையலில் பழகிய கை ஊதியத்துக்காகப் பொதுச் சமையலறைக்குள் போகும்போது சாதி இன்னொரு முறை வருகிறது. 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் தலித் பெண்கள் சமையலர்களாகச் சேர்ந்தனர். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர உத்தரவிட்டது. குழந்தைகள் சாதி பாராமல் ஒரே கையால் உண்ணப் பழக வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய பாடத்திட்டம் இல்லை.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் ஒருவர் சமைப்பதை ஆதிக்க சாதிப் பெற்றோர் எதிர்த்தனர். அதிகாரிகள் முதலில் எடுத்த நடவடிக்கை அந்தச் சமையலரையே இடம் மாற்றியது. போராட்டத்திற்குப் பின்னரே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் இது தொடர்ந்தது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் தலித் பெண் சமைத்த உணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணச் சில பெற்றோர் மறுத்தபோது, மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று அந்த உணவை உண்டார். அவர் சென்றது நல்ல செயல். ஆனால் ஆட்சியர் நாள்தோறும் வந்து சாப்பிட முடியாது. சமையலரைப் பணி செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ) பிரிவில் வரும் குற்றம். பேச்சுவார்த்தை, சமாதானக் கூட்டம், இடமாற்றம் என்று நழுவும் அதிகாரிகளுக்கு, கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கும் 4ஆவது பிரிவை நினைவூட்டலாம்.

2022 மே மாதத்தில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்து, அதில் மாட்டுக்கறிப் பிரியாணியை விலக்கியது. அந்த ஊரில் அது அன்றாட உணவு. விலக்கு சாதிப் பாகுபாடாகக் கருதப்படும் எனத் தமிழ்நாடு மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு அறிவிக்கை அனுப்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. ஒரு பகுதி மக்களின் உணவை அரசு விழாவிலிருந்து விலக்குவதை ஆணையம் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது முக்கியமான முன்னுதாரணம். பிற மாவட்டங்களிலும் இதைச் சுட்டி மனு கொடுக்கலாம்.

எழுதப்படாத செய்முறைகள்

தமிழில் வீட்டுச் சமையல் நூல் என்றவுடன் நினைவுக்கு வருவது எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்'. பிராமணக் குடும்பத்துச் சைவச் சமையலை அளவோடும் வரிசையோடும் எழுதிய நூல் அது. தலைமுறை தலைமுறையாகக் கல்யாணப் பெண்களின் பெட்டியில் சென்றது. அது செய்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அச்சில் வந்த சமையல் 'தமிழர் சமையல்' ஆனது, அச்சில் வராதது சேரிச் சாப்பாடாகவே நின்றது என்பதுதான் சிக்கல். நீதிமன்றத்தில் உணவுப் பண்பாடு என்று வாதிடும்போது எதிர்த்தரப்பு கேட்பது ஆவணம். நம் கையில் இருப்பது பாட்டியின் கைப்பக்குவம்.

மகாராஷ்டிரத்தில் இந்த வேலை முன்னரே தொடங்கிவிட்டது. புனே பல்கலைக்கழகத்தின் கிராந்திஜோதி சாவித்ரிபாய் பூலே மகளிர் ஆய்வு மையத்தில் ஷர்மிளா ரேகேயும் அவருடன் பணியாற்றியவர்களும் தலித் உணவு குறித்த வரலாறுகளையும் நினைவுகளையும் தொகுத்து 2009இல் வெளியிட்டனர். ஷாஹு பட்டோளே 2015இல் 'அன்ன ஹே அபூர்ணபிரம்ம' என்ற பெயரில் மராத்வாடாவின் மகர், மாங் சமூகங்களின் வீட்டுச் சமையலைச் செய்முறைகளோடு எழுதினார். அன்னமே முழுமையான பிரம்மம் என்ற வைதிக வாக்கைத் திருப்பிப் போட்டு, எங்கள் தட்டில் அது முழுமையடையவில்லை என்று சொல்லும் தலைப்பு அது. 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

தமிழில் இதைச் செய்ய முன்வரும் மாணவர்களுக்கு எங்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. உறுப்புகளின் பெயர்களை ஊர்வழக்கிலேயே எழுதுங்கள். ஒரே உறுப்புக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். கறி எங்கே வாங்கப்பட்டது, என்ன விலை, எரிபொருள் என்ன, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைச் செய்முறையோடு சேர்த்தே குறியுங்கள். எந்த ஆண்டில் மண்சட்டி அலுமினியமாக மாறியது, குக்கர் எப்போது வந்தது என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். யாருடைய எதிர்ப்பைத் தாண்டி வந்தது என்பதையும் கேளுங்கள். யார் சமைத்தார்கள், யார் முதலில் உண்டார்கள், எந்தத் துண்டு யாருக்குப் போனது என்பதை விட்டுவிடாதீர்கள். பேச விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவரின் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம். அடுத்த மாதமும் அவர் அதே வீட்டில்தான் சமைக்க வேண்டியிருக்கும்.